குளோபல் ஃபண்ட் விண்ணப்பத்தில் எச்ஐவி மருந்துக் கணக்கு போடுவது எப்படி?

எய்ட்ஸ், காசநோய், மலேரியா மூன்றுக்குமாக 2002-இல் தொடங்கிய குளோபல் ஃபண்ட், மூன்றாண்டுக்கு ஒருமுறை நாடுகளுக்குப் பணம் ஒதுக்குகிறது. விண்ணப்பிப்பது அந்தந்த நாட்டு ஒருங்கிணைப்புக் குழு. விளக்க உரையை எல்லோரும் மெனக்கெட்டு எழுதிவிடுவார்கள். உதைப்பது மருந்துக் கணக்குதான்.

முதலில் ஆள் எண்ணிக்கை. பதிவேட்டில் உள்ள எல்லாப் பெயர்களையும் அள்ளிப் போடாதீர்கள். மாத்திரை வாங்க வேண்டிய நாள் கடந்து 28 நாளுக்கு மேலாகியும் வராதவரைக் கழித்துவிடுங்கள். அப்படி 10,000 பேர் தேறினார்கள், ஆண்டுக்குள் நிகரமாக 1,200 பேர் கூடுவார்கள் என்று வையுங்கள். புதியவர்கள் எல்லோரும் ஜனவரி முதல் தேதியே வரப்போவதில்லை, மாதாமாதம் சேர்வார்கள். அதனால் பாதியை, 600-ஐ மட்டும் கூட்டுங்கள். 10,600 × 365 = 38,69,000 மாத்திரை. 90 மாத்திரை பாட்டில் என்றால் 42,989.

இது டிஎல்டிக்கு: டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் சேர்ந்த ஒரே மாத்திரை, நாளுக்கு ஒன்று. 2023-இல் இதன் விலை ஒருவருக்கு ஆண்டுக்கு 45 டாலருக்கும் கீழே இறங்கியது. 45 என்றே போட்டாலும் 4,77,000 டாலர். கப்பல் கட்டணம், காப்பீடு, கிடங்குச் செலவு தனி வரிகளில் வரவேண்டும். சுங்க வரியைச் சேர்க்காதீர்கள். இந்த நிதியில் வரி கட்ட முடியாது, விலக்கு வாங்க வேண்டும். 30 கிலோவுக்குக் குறைவான குழந்தைகளுக்கு எடைவாரியாகத் தனிக் கணக்கு.

பலரும் கோட்டைவிடுவது காசநோயும் உள்ளவர்களிடம். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் உடம்பில் டோலுடெக்ராவிர் அளவைக் குறைத்துவிடும். எனவே டிஎல்டியோடு, 12 மணி நேரம் கழித்து இன்னொரு 50 மில்லிகிராம் டோலுடெக்ராவிர் தர வேண்டும். ரிஃபாம்பிசின் முடிந்தும் இரண்டு வாரம் தொடர வேண்டும். ஆறு மாதச் சிகிச்சைக்கு ஆளுக்குச் சுமார் 196 மாத்திரை. 300 பேருக்கு 58,800. இந்த வரி விடுபட்டால் மருந்தகத்தில் பற்றாக்குறை வந்த பிறகுதான் தெரியும்.

தட்டுப்பாடு வராமலிருக்க வைக்கும் அவசரக் கையிருப்பு மூன்று மாதம் என்றால் ஆளுக்கு ஒரு பாட்டில்: ஆண்டு முடிவில் இருக்கும் 11,200 பேருக்கு 11,200. இது முதலாண்டுக்கு மட்டும். அடுத்த ஆண்டுகளில் கூடிய ஆட்களுக்கு மட்டும் நிரப்புங்கள். ஆண்டுதோறும் முழுதாகச் சேர்த்தால் கிடங்கில் காலாவதியாகும்.

கடைசியில் அரசு தன் பணத்தில் வாங்குவதையும், கிடங்கில் இருப்பதையும், வந்துகொண்டிருப்பதையும் கழியுங்கள். கிடங்குச் சரக்கில், தீர்வதற்குள் காலாவதியாகப் போகிற பெட்டிகளை மட்டும் கழிக்காதீர்கள்.