சப்ளையரிடம் போகும் முன் டிராயிங்கைப் பாருங்கள்

வாகன உதிரிபாகம் வாங்கும் கம்பெனியில் வெண்டர் டெவலப்மென்ட், அதாவது சப்ளையர்களைத் தேர்ந்தெடுத்து வளர்க்கும் வேலை, பார்க்கிறேன். அம்பத்தூர், திருமுடிவாக்கம் பட்டறைகளில்தான் என் பொழுது போகிறது. சப்ளையர்களைச் சுற்றுச்சூழலுக்கு ஏற்ற உற்பத்திக்குக் கொண்டுவரும் வேலை உங்களுக்கு வந்தால், கேள்விப் பட்டியல் அனுப்புவதில் தொடங்காதீர்கள். முதலில் உதிரிபாகத்தின் டிராயிங்கை எடுங்கள். எந்தப் பூச்சு வேண்டும் என்று நாம் எழுதிக் கொடுப்பது அதில்தான்.

ஜிங்க் பிளேட்டிங் (துத்தநாகப் பூச்சு) செய்யும் ஒருவரிடம், நச்சு மிகுந்த ஹெக்ஸாவேலன்ட் குரோமியத்தை ஏன் இன்னும் விடவில்லை என்று கேட்டேன். பழைய டிராயிங்கை நீட்டினார். 'மஞ்சள் பாசிவேஷன்' என்றிருந்தது; துத்தநாகத்தின் மேல் அந்தக் குரோமியத்தால் போடும் மஞ்சள் காப்புப் படலம் அது. "நீங்க மாத்திக் குடுங்க சார், நான் மாத்திடறேன்" என்றார். நியாயம்தானே? நச்சு குறைந்த ட்ரைவேலன்ட் குரோமியத்துக்கு மாற டிராயிங் திருத்தம், உப்புநீர் தெளித்துத் துரு பிடிக்கிறதா என்று பார்க்கும் சால்ட் ஸ்ப்ரே சோதனை, வாடிக்கையாளர் ஒப்புதல் எல்லாம் வேண்டும். அந்தச் செலவை வாங்குபவர்தான் ஏற்க வேண்டும்.

அடுத்து தண்ணீர். 2019 வறட்சியைப் பார்த்த சென்னையில் லாரித் தண்ணீரின் விலையை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பிளேட்டிங் தொட்டியிலிருந்து ஜிக்கை (உதிரிபாகங்களை மாட்டும் சட்டத்தை) தூக்கியதும் நேரே கழுவும் தொட்டிக்குக் கொண்டுபோவார்கள். வழியெல்லாம் ரசாயனம் சொட்டும். தொட்டிக்கு மேலேயே பத்துப் பதினைந்து விநாடி வடியவிட்டால் ரசாயனமும் மிச்சம், கழுவும் தண்ணீரும் மிச்சம். ஆனால் பீஸ் ரேட்டில் கூலி வாங்குபவர் கையில் பிடித்துக்கொண்டு நிற்கமாட்டார். தொட்டிக்கு மேல் ஒரு குழாயைக் குறுக்கே பொருத்துங்கள். ஜிக்கை அதில் மாட்டிவிட்டு அடுத்ததைத் தூக்கலாம். அப்புறம் கழுவும் தொட்டிகளை வரிசையாக இணைத்து, நல்ல தண்ணீரைக் கடைசித் தொட்டியில் விட்டு முதல் தொட்டியை நோக்கி வழியவிடுங்கள். கழிவுநீர் குறையும். கும்மிடிப்பூண்டி அபாயக் கழிவு மையத்துக்கு லாரியில் போகும் ஸ்லட்ஜும் (கழிவுநீரில் தங்கும் ரசாயனச் சேறு) கொஞ்சம் குறையும்.

அடுத்து கரண்ட். கம்ப்ரஸர் காற்று கசிந்தால் கரண்ட் வீண்; அந்தக் கசிவைச் சாப்பாட்டு வேளையில் தேடுங்கள். மெஷின் நின்றிருக்கும்போது காற்றுச் சத்தம் தெளிவாகக் கேட்கும். இடத்தைக் கண்டுபிடிக்கச் சோப்புத் தண்ணீர் போதும்; கசியும் இடத்தில் குமிழி வரும்.

பெரிய தடை பணம். சிறு, குறு நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் எப்படி இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். மூன்று மாதம் பில்லுக்குக் காத்திருப்பவரிடம் புது ஃபில்டர் வாங்கச் சொல்ல நமக்கு என்ன உரிமை? இன்னொன்று, அவர் மிச்சம் பிடித்ததை மறுவருஷம் விலைக்குறைப்பாகப் பிடுங்கினால், அடுத்த மிச்சத்தை யாரும் வெளியே சொல்லமாட்டார்கள். அதனால் அந்தச் சேமிப்பு சப்ளையருக்கே என்று பர்ச்சேஸிடம் எழுத்தில் வாங்கிவிட்டுத்தான் நான் பட்டறைக்குள் போகிறேன்.