ட்சிம்மர்மான் அறைக்காரர் இல்லை: ஜெர்மன் தொழில்பெயர்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெயர்ச்சொல்லின் பாலைக் காட்ட அதன் முன்னால் வரும் டெர், டீ, டாஸ் குழப்பமெல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும், அதை விடுங்கள். தொழில்பெயர்களின் வேரைத் தேடப் புதிதாகக் கிளம்புகிறவர்கள் விழுகிற குழிகள் வேறு.

இன்றைய பொருளை வைத்துப் பழைய சொல்லைப் பிரிப்பது

ட்சிம்மர் என்றால் அறை, மான் என்றால் ஆள். ஆகவே ட்சிம்மர்மான் அறையில் வேலை செய்பவர் என்று எழுதிக்கொண்டு வருகிறார்கள். இல்லவே இல்லை. அவர் கூரைச் சட்டமும் வீட்டுச் சட்டகமும் எழுப்புகிற தச்சர். லூத்தரின் பைபிளில் மாற்கு 6:3 இயேசுவைக் குறிப்பதும் இந்தச் சொல்லால்தான்.

இன்றைய ஜெர்மனின் மூதாதையான பழைய உயர் ஜெர்மனில் 'ட்சிம்பர்' என்பது கட்டுமான மரம், அப்புறம் அந்த மரத்தால் ஆன கட்டடம். அறை என்ற பொருள் பிற்பாடுதான் ஒட்டிக்கொண்டது. ஆங்கிலத்தின் டிம்பர் இதன் உடன்பிறப்பு. நம் ஊர் டிம்பர் டிப்போவில் இருக்கிற அதே டிம்பர். ஆங்கிலச் சொல்லின் முதலில் 'ட' நிற்கும் இடத்தில் உயர் ஜெர்மனில் பெரும்பாலும் 'ட்ச' வரும்: பத்துக்கு அங்கே டென், இங்கே ட்சேன். 'ம்ப' தேய்ந்து 'ம்ம' ஆனது. 'ட்சிம்மர்ன்' என்ற வினைக்கு இன்றைக்கும் மரத்தால் கட்டுவது என்றுதான் பொருள்.

என்னிடம் மொழிபெயர்ப்பு பழகிய ஒருவர், ஒரு கட்டுமான டெண்டரில் 'ட்சிம்மர்ஆர்பைட்டன்' என்ற தலைப்பை 'அறை வேலைகள்' என்று போட்டுவிட்டார். பக்கத்திலேயே டி.ஐ.என். 18334 என்று ஜெர்மன் தர விதியின் எண் இருந்தது. மரக் கட்டுமான வேலைக்கான விதி அது. அதையாவது தேடிப் பார்த்திருக்கலாம். விலை போட்டவர் தடுப்புச் சுவர், பூச்சு என்று கணக்கிட, கூரை மரம் மொத்தமும் விட்டுப்போனது. கேட்டால், "சார், ட்சிம்மர்னா ரூம்தானே?" இப்போது நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. அகராதியில் முதல் பொருளோடு நிறுத்திக்கொள்வதற்கு ஒரு கூரையே விலையா?

டிஷ்லரும் ஷ்ரைனரும் வேறு தொழில் என்று நினைப்பது

இரண்டும் மேசை, அலமாரி, கதவு செய்கிற ஒரே தச்சு வேலைதான். ஜெர்மனியின் வடக்கே டிஷ்லர், தெற்கே ஷ்ரைனர். ஆனால் இன்னும் தெற்கே போய் ஆஸ்திரியாவில் கேட்டால் மறுபடியும் டிஷ்லர்!

எல்லாமே சொந்த ஜெர்மன் வேர் என்று நம்புவது

செருப்பு தைக்கும் ஷூஸ்டரில் முன்பாதிதான் ஜெர்மன். பின்பாதி, தைப்பவரைக் குறிக்கும் லத்தீன் 'சூட்டோர்' தேய்ந்தது. அதை விகுதி என்று எழுதாதீர்கள்.

குடும்பப் பெயரை வைத்துத் தொழிலை ஊகிப்பது

வேண்டாம். பாடகர் பாப் டிலன்கூடப் பிறப்பால் ஸிம்மர்மன்தான்.