கூரை சோலார் வேலையில் நிலுவைத் தொகையை வசூலிப்பது எப்படி?

வீட்டுக் கூரையில் சோலார் அமைத்துத் தரும் தொழிலில் பணம் பெரும்பாலும் ஒரே கட்டத்தில்தான் நின்றுபோகிறது. பேனலும் இன்வெர்ட்டரும் பொருத்தி முடித்திருப்போம். வீட்டிலிருந்து மின்வாரியத்துக்குப் போகும் மின்சாரத்தையும் அங்கிருந்து வரும் மின்சாரத்தையும் அளக்கும் நெட் மீட்டரும், அரசு மானியமும் இன்னும் வந்திருக்காது. பில் போட்டுவிட்டால், வாடிக்கையாளர் பணம் தந்தாலும் தராவிட்டாலும், அடுத்த மாதக் கணக்கில் ஜி.எஸ்.டி. கட்டியாக வேண்டும் என்பதால், வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கம் புதிதாக இத்தொழிலில் இறங்குபவர் வசூல் முறையைத் தொடக்கத்திலேயே கற்றுக்கொள்வது நல்லது.

முதல் படி: பாக்கி எதனால் நிற்கிறது என்று எழுதுங்கள்

பில் எண், தேதி, மீதித் தொகை ஆகியவற்றுக்கு எதிரே, கடைசியாகக் கேட்டபோது வாடிக்கையாளர் சொன்ன காரணத்தை அவர் சொன்னபடியே குறித்து வையுங்கள். மானியத்துக்குக் காத்திருப்பவர், வேலையில் குறை சொல்பவர், கையில் பணம் இல்லாதவர், வெறுமனே நாளைக் கடத்துபவர் என்று நால்வகையினர் தெரிய வருவார்கள். நால்வரிடமும் ஒரே விதமாகப் பேசுவதால்தான் பாதி வசூல் கெடுகிறது.

இரண்டாம் படி: மானியத்துக்குக் காத்திருப்பவர்

பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம் உண்டு. இத்தொகை நம்மிடம் வராது. அமைப்பு இயங்கத் தொடங்கியது பதிவான பிறகு நேராக வாடிக்கையாளரின் வங்கிக் கணக்குக்குச் செல்லும். ஆகவே இங்கே கேட்பதைவிட உதவுவதே பலன் தரும். மின் இணைப்பு இன்னும் காலமான தாத்தாவின் பெயரில் இருக்கிறதா, வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் விண்ணப்பத்தில் உள்ள பெயரும் ஒத்துப்போகின்றனவா, மீட்டர் ஆய்வு முடிந்ததா என்று நீங்களே பார்த்து, தேவையானால் அவரை அழைத்துக்கொண்டு மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்குச் சென்று வாருங்கள். ‘மானியம் வந்ததும் தந்தால் போதும்’ என்று விற்பனையின்போது நீங்களே சொல்லியிருந்தால், அந்த வாக்கைக் காப்பாற்றத்தான் வேண்டும். அடுத்த ஒப்பந்தத்தில் அப்படி எழுதாதீர்கள்.

மூன்றாம் படி: குறை சொல்பவர்

‘சொன்ன அளவுக்குக் கரண்ட் வரவில்லை’ என்பதே அடிக்கடி கேட்கும் குறை. 1 கிலோவாட் ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும். ஆனால் பேனலின் திறன் 25 டிகிரி வெப்பத்தில் கணக்கிடப்படுவது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.3 முதல் 0.4 சதவீதம் வரை குறையும். அக்னி நட்சத்திர நாள்களில், வேலூர் வெயிலில் காயும் மொட்டை மாடியில், வாடிக்கையாளர் எதிர்பார்ப்பதற்கு மாறாக உற்பத்தி சற்று இறங்குவது இதனால்தான். வீட்டு மின் கணக்கும் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறைதான் எடுக்கப்படுவதால், பில் குறைந்ததை அவர் உணரவே நாளாகும். நேரில் சென்று பேனலைக் கழுவி, நிழல் விழுகிறதா என்று பார்த்து, இன்வெர்ட்டர் அளவைக் காட்டி, ‘சரிபார்த்தேன்’ என்று அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். உண்மையிலேயே குறை இருந்தால், அதைச் சரிசெய்யும் வரை பணத்தைப் பற்றிப் பேச வேண்டாம்.

நான்காம் படி: கேட்கும் நாளும் கேட்கும் விதமும்

வெள்ளிக்கிழமையன்றும் விளக்கு வைத்த பிறகும் வீட்டிலிருந்து பணம் வெளியே போகக் கூடாது என்று நம்பும் குடும்பங்கள் இங்கே பல. அந்த நேரத்தில் வாசலில் நிற்பது வீண் மனக்கசப்பு. கரும்பு விவசாயியிடம் ஆலைப் பணம் வரும் காலத்தையும், ஆம்பூர், இராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளில் கணக்குப் பிரிவினர் பணம் வழங்கும் நாளையும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். நினைவூட்டும் வாட்ஸ்அப் செய்தி இவ்வளவு இருந்தால் போதும்: “வணக்கம் ஐயா. தங்கள் 3 கிலோவாட் சோலார் பில்லில் 40,000 ரூபாய் மீதி உள்ளது. வரும் 10-ஆம் தேதிக்குள் அனுப்ப இயலுமா? இயலாவிடில், எந்தத் தேதியில் இயலும் என்று தெரிவிக்க வேண்டுகிறேன்.” ‘சீக்கிரம்’ என்ற பதிலை ஏற்காதீர்கள், தேதி வாங்குங்கள்.

ஐந்தாம் படி: தவணையை எழுத்தில் வாங்குங்கள்

கையில் பணமில்லாதவருக்குத் தவணை கொடுக்கலாம். பாக்கியை ஒப்புக்கொண்டு அவர் கையெழுத்திட்ட ஒரு தாள் மிக முக்கியம். ஏனெனில் பணம் தர வேண்டிய நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும் என்ற காலவரம்பு, அது முடிவதற்குள் அவர் இப்படி எழுத்தில் ஒப்புக்கொண்டால், அந்த நாளிலிருந்து புதிதாகத் தொடங்கும். தவணைக்குக் காசோலை வாங்கினால், அதில் உள்ள தேதியிலிருந்து 3 மாதங்களுக்குள் வங்கியில் போட வேண்டும். பணமில்லாமல் திரும்பினால், அத்தகவல் கிடைத்த 30 நாள்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அது கிடைத்து 15 நாள்களுக்குள் அவர் பணம் தராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார் கொடுக்க வேண்டும்.

ஆறாம் படி: நிறுவனங்களும் நாளைக் கடத்துபவர்களும்

ஆலை, கல்லூரி, மருத்துவமனை போன்ற பெரிய வாடிக்கையாளர்களிடம் வேலை எடுக்கும் முன்பே, குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசுப் பதிவான உத்யம் பதிவைச் செய்துகொள்ளுங்கள். குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்தை, ஒப்பந்தம் எப்படி இருந்தாலும், 45 நாள்களுக்கு மேல் தாமதிக்கக் கூடாது என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தாமதித்தால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்குக் கூட்டு வட்டியும் சேரும். பொருளை வாங்கி விற்கும் வணிகத்துக்கும் பேனல் பொருத்தும் ஒப்பந்த வேலைக்கும் இச்சட்டம் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை உங்கள் ஆடிட்டரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

எவ்வளவு கோபம் வந்தாலும் பேனலைக் கழற்றி வருவதோ, செயலி வழியாக இன்வெர்ட்டரை முடக்குவதோ கூடாது. பணம் கேட்க வந்த நீங்கள் காவல் நிலையத்தில் பதில் சொல்ல நேரும். அதற்குப் பதிலாக மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகி, வழக்குக்கு முந்தைய மனு கொடுத்து, மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் கேட்கலாம். அங்கே நீதிமன்றக் கட்டணம் இல்லை. இருவரும் ஒப்பி எழுதப்படும் தீர்வுக்கு மேல்முறையீடும் இல்லை. செல்லும்போது ஒப்பந்தம், பில், பொருத்தியதற்கான கையெழுத்து, தேதி வாரியாக அச்சிட்ட வாட்ஸ்அப் செய்திகள் ஆகியவற்றை இரண்டு பிரதிகளாக எடுத்துச் செல்லுங்கள்.