மியூனிக் பக்கம் குடும்பத்தோட ஒரு நாள் ட்ரிப்: கார் வாங்குற வரைக்கும் காத்திருக்காதீங்க

நாங்க வந்து இறங்கின முதல் வருஷம் லாங் வீக்கெண்ட் கிடைச்சா பாரிஸ், சுவிஸ்னு ஓடி, சேத்து வச்ச காசையெல்லாம் கரைச்சோம். எஸ்-பான்ல (ஊரையும் சுத்துப்பட்டையும் இணைக்கிற லோக்கல் ரயில்) ஏறி ஒக்காந்தா ஒரு மணி நேரத்துக்குள்ள கடல் மாதிரி ஏரி இருக்குன்னு ரெண்டாவது வருஷம்தான் தெரிஞ்சுது. கார் வாங்கிட்டு சுத்திக்கலாம்னு புதுசா வர்ற நிறைய பேர் சொல்றாங்க, வேண்டாம்ங்க, கார் இல்லாமலே போக அவ்ளோ இடம் இருக்கு.

முதல்ல டிக்கெட். ஆபீஸ் போறவங்க கையில பெரும்பாலும் டாய்ச்லாண்ட் டிக்கெட் இருக்கும், 2026 ஜனவரில இருந்து மாசம் 63 யூரோ, அதை வச்சே எஸ்-பான், ஆர்பி, ஆர்இன்னு ஓடுற பக்கத்து ஊர் ரயில், பஸ் எல்லாத்துலயும் போலாம், ஐசிஇ, ஐசின்னு ஓடுற தூரத்து எக்ஸ்பிரஸ் பக்கம் மட்டும் போயிடாதீங்க. அது இல்லாதவங்களுக்கு, இல்ல ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்திருந்தா, பயர்ன் டிக்கெட், அதாவது பவேரியா மாநிலத்துக்கான ஒரு நாள் டிக்கெட். ஒரே டிக்கெட்ல அஞ்சு பேர் வரைக்கும் போலாம், ஆள் கூட கூட தலைக்கு செலவு கம்மி. வார நாள்ல காலைல 9 மணிக்கு அப்புறம்தான் செல்லும், சனி ஞாயிறு அந்த கட்டுப்பாடு இல்ல. ஆறு வயசுக்கு கீழ உள்ள புள்ளைங்களுக்கு டிக்கெட்டே வேண்டாம், 6ல இருந்து 14 வரைக்கும்னா எத்தன பேர் ஃப்ரீன்னு வாங்கும்போது பாத்துக்கோங்க. டிக்கெட்ல பேர் எழுதணும், மறந்துடாதீங்க.

அடுத்தது நாங்க அசிங்கப்பட்ட விஷயம். டேகர்ன்சே ஏரிக்கு போறோம்னு கிளம்பி, புள்ளைங்களுக்கு ஜன்னல் சீட் பாத்து கடைசி பெட்டில ஒக்காந்தோம், ஹோல்ட்ஸ்கிர்ஷென் ஸ்டேஷன்ல ரயில் கொஞ்ச நேரம் நின்னுச்சு, அப்புறம் பாத்தா ரயிலையே ரெண்டா பிரிச்சு, முன்னாடி பாதி ஒரு ஊருக்கு, நாங்க இருந்த பாதி வேற ஊருக்கு. பயரிஷ்ட்செல்ல போய் இறங்கினோம். ஊர் அழகாத்தான் இருந்துச்சு, ஆனா ஏரில குளிக்கப் போறோம்னு டவல், காத்தடிச்ச டியூப்போட மலையடிவாரத்துல நின்னா எப்படி இருக்கும்? அதனால ஏறும்போதே பெட்டில இருக்குற போர்டுல எந்த ஊர் பேர் போட்டிருக்குன்னு பாருங்க, பிளாட்ஃபார்ம் நம்பர் மட்டும் பாத்தா பத்தாது.

முதல் ட்ரிப்புக்கு எங்க போலாம்னு கேட்டா நான் ஹெர்ஷிங்னுதான் சொல்வேன், எஸ்8 கடைசி ஸ்டாப், தூங்கிட்டாலும் தப்பு ஆகாது. இறங்கி கொஞ்சம் நடந்தா அம்மர்சே ஏரி, படகு இருக்கு. நடக்க தெம்பு இருந்தா கீன்டால்னு ஒரு பள்ளத்தாக்கு வழியா ஓடைய ஒட்டியே மேல ஏறி ஆண்டெக்ஸ் மடத்துக்கு போலாம், அந்த மடத்துலயே பீர் காய்ச்சுறாங்க, நமக்கு அது பெரிசா இல்லன்னாலும் மேல இருந்து பாக்குற வியூ நல்லாருக்கும். கைக்குழந்தை இருந்தா ஸ்ட்ரோலர் வேண்டாம், நெஞ்சுல கட்டுற கேரியர் எடுங்க. திரும்ப கீழ வர பஸ் இருக்கு.

கொஞ்சம் பெரிய புள்ளைங்கன்னா ஆல்ப்ஸ் அடிவாரத்துல இருக்குற கார்மிஷ் ஊர் பக்கத்துல பார்ட்னாக்கிளம். 700 மீட்டர் நீளத்துக்கு பாறைய ரெண்டா பொளந்து ஆறு ஓடுது, பாறைய குடைஞ்ச பாதைல நாம நடக்கலாம். வெயில் காலத்துலயும் மேல இருந்து தண்ணி சொட்டும், ரெயின்கோட் எடுத்துக்கோங்க. பலத்த மழைன்னா மூடிடுவாங்க, கிளம்புற முன்னாடி அவங்க வெப்சைட் பாருங்க.

சாப்பாடு. ஞாயித்துக்கிழமை கடை எல்லாம் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கி வச்சுக்கணும், இது வந்த முதல் வாரத்துலயே எல்லாரும் பட்டு தெரிஞ்சுக்கிறதுதான். ஆனா இது நிறைய பேருக்கு தெரியாது, பவேரியால பியர்கார்டன்ல (மரத்தடில பெஞ்சு போட்டு பீர் விக்கிற இடம்) நம்ம சாப்பாட்ட நாமே கொண்டு போய் சாப்பிடலாம்! 1812ல பவேரியா ராஜா மேக்ஸ் யோசப், பீர் காய்ச்சுறவங்க அவங்க இடத்துல பீர் விக்கலாம், ரொட்டி தவிர சாப்பாடு விக்கக்கூடாதுன்னு ஒரு உத்தரவு போட்டாரு, அதனால ஜனங்க வீட்ல இருந்தே கட்டிக்கிட்டு போனாங்க, அந்த பழக்கம் இன்னும் இருக்கு. நம்ம கட்டுச்சோறு மாதிரிதான். டேபிள் மேல துணி விரிச்சிருந்தா அது ஆர்டர் பண்றவங்களுக்கு, துணி இல்லாத பெஞ்சுல ஒக்காந்து புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல் எடுத்து வைங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. குடிக்கிறது மட்டும் அங்கயே வாங்கணும், புள்ளைங்களுக்கு ஆப்ஃபெல்ஷோர்லே, அதாவது சோடா கலந்த ஆப்பிள் ஜூஸ். கருவாட்ட மட்டும் வீட்லயே விட்டுட்டு வாங்க, ப்ளீஸ்.

மலை மேல மாடு மேயுற இடத்துல சாப்பாடு விக்கிற ஆல்ம் குடிசைங்கள்ல நிறைய இடத்துல கார்டு எடுக்க மாட்டாங்க, கையில ஒரு நாப்பது அம்பது யூரோ வச்சுக்கோங்க. மலைப் பாதைல இருக்குற மஞ்சள் போர்டுல போட்டிருக்குற நேரம் நிக்காம நடக்குறவங்க கணக்கு, புள்ளைங்களோட போனா ஒன்றரை மடங்கு வச்சுக்கோங்க. ஆல்ப்ஸ் பக்கம் அந்த போர்டுல நீலப் புள்ளி இருந்தா பாதை ஈஸி, சிவப்பு கொஞ்சம் செங்குத்து, கறுப்பு பக்கமே போகாதீங்க.

பச்சைப் பசேல்னு புல்வெளிய பாத்ததும் நமக்கு போட்டோ எடுக்க உள்ள ஓடத் தோணும். அது மாட்டுக்கு தீவனமா வெட்ட வளக்குற புல்லு, நம்ம ஊர் நெல்லு வயலுக்குள்ள யாராவது பெட்ஷீட் விரிச்சா எப்படி இருக்கும், அப்படித்தான். என் பையன் பந்து எடுக்க ஓடினதுக்கு ஒரு விவசாயி டிராக்டர நிறுத்தி கிளாஸ் எடுத்துட்டாரு. கன்னோட இருக்குற பசு கிட்டயும் போகாதீங்க, நம்ம தெரு மாடு மாதிரி சும்மா நிக்காது. காட்டுக்குள்ள அடுப்பு, பார்பிக்யூ கூடவே கூடாது, மார்ச்ல இருந்து அக்டோபர் வரைக்கும் சிகரெட்டும் தடை.

வீட்டுக்கு வந்ததும் நேரா குளியல், அப்போ உண்ணி இருக்கான்னு பாக்கணும். நாய் மேல இருக்குமே அதேதான், இங்க ட்செக்கன்னு சொல்வாங்க, முழங்கால் பின்னாடி, அக்குள், காது பின்னாடி, தலைமுடிக்குள்ள எல்லாம் தேடுங்க. கடிச்சிருந்தா எண்ணெய் கிண்ணெய் தடவாம, அபோதெக்கெல (மருந்துக் கடை) விக்கிற இடுக்கிய வச்சு தோல ஒட்டி பிடிச்சு மெதுவா நேரா இழுங்க. அது பரப்புற மூளைக் காய்ச்சலுக்கு தடுப்பூசி இருக்கு, எஃப்எஸ்எம்ஈ, முதல்ல மூணு டோஸ், அப்புறம் சில வருஷத்துக்கு ஒரு தடவ பூஸ்டர், புள்ளைங்க டாக்டர் கிட்ட கேளுங்க. உண்ணி பரப்புற இன்னொரு நோய் போரெலியோசிஸ் (லைம் நோய்), அதுக்கு ஊசி கிடையாது, கடிச்ச இடத்த சுத்தி சில நாள்லயோ சில வாரத்துலயோ செவப்பு வளையம் பெருசாகிட்டே போனா உடனே டாக்டர்ட்ட காட்டணும். போன வாரம் எங்க வீட்ல பதறிப்போய் இடுக்கி வச்சு அரை மணி நேரம் இழுத்தது என் பொண்ணு கழுத்துல இருந்த மச்சம்.