வாளை எடுக்கும் முன் உங்கள் கேரக்டருக்கு என்ன வேலை?

ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசிப் பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டை ஆட முதன்முறையாக வருபவர்களிடம் வேறு எதையும் கேட்கும் முன் நான் கேட்பது இதுதான்: "வாள் பிடிக்கும் முன்னால் உங்கள் கேரக்டர் சாப்பாட்டுக்கு என்ன செய்தார்?" பின்னணி அந்தப் பதிலில் இருக்கிறது. பலர் ஆறு பக்கம் வாழ்க்கை வரலாறு எழுதி வருகிறார்கள். ஆசையாக எழுதியதுதான், ஆனால் மூன்றாம் பக்கத்தில் வரும் அத்தை ஆட்டத்துக்குள் நுழைய வழியே இருக்காது. பகடை உருளும்போது கைகொடுக்கும் பின்னணிதான் வேண்டும். அதற்கு அரை மணி நேரம் போதும். கடலோடி ஒருத்தியைச் செய்து பார்ப்போம், பெயர் மாரா.

படி 1: தொழிலைத் தேர்ந்தெடுங்கள்

2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிப் புத்தகமான பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் 13 பின்னணிகள் இருந்தன; 2024 திருத்தத்தில் 16. உங்கள் கிளாஸோடு, அதாவது போர்வீரர், மந்திரவாதி போன்ற சாகச வகையோடு, கொஞ்சம் முட்டிக்கொள்ளும் ஒன்றை எடுங்கள். போர்வீரருக்குப் படைவீரர் பின்னணி பொருந்தும், ஆனால் புதிதாக எதையும் சொல்லாது. மந்திரவாதி ஒருத்தி முன்பு கடலோடியாக இருந்தாள் என்றால் உடனே கேள்வி வரும்: கப்பலில் அவளுக்கு மந்திரப் புத்தகம் எப்படிக் கிடைத்தது?

இங்கே ஒரு முட்டுக்கட்டை உண்டு. 2024 விதிகளில் எந்தெந்த ஆற்றல்களைக் கூட்டலாம் என்பதையும் பின்னணியே முடிவு செய்கிறது. கடலோடிக்கு வலிமை, லாவகம், விவேகம் ஆகிய மூன்றும்தான். மந்திரவாதிக்கு வேண்டிய புத்திக்கூர்மை அதில் இல்லை. அதனால் பல மந்திரவாதிகள் படிப்பாளிகளாகவே பிறக்கிறார்கள், இது எனக்குப் பிடிக்கவே இல்லை. ஆட்டத்தை நடத்தும் டிஎம்மிடம் பேசுங்கள். புதிய பின்னணியை உருவாக்கும் வழி 2024 டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடில் இருக்கிறது, மாற்றித் தர அவரால் முடியும்.

படி 2: எண்களை எழுதுங்கள்

இது ஐந்து நிமிட வேலை. ஓர் ஆற்றலில் 2, இன்னொன்றில் 1 கூட்டுங்கள், அல்லது மூன்றிலும் ஒவ்வொன்று. அப்புறம் இரண்டு திறன்கள், ஒரு கருவி, ஒரு தொடக்கச் சிறப்புத் திறமை, சில பொருள்கள் அல்லது 50 பொற்காசு. மாராவுக்கு அக்ரோபேடிக்ஸ் (உடல் வித்தை), பெர்செப்ஷன் (கண்ணாலும் காதாலும் கவனிப்பது) இரண்டும் வரும், கடல்வழி அறியும் கருவிகளும் வரும்.

படி 3: மூன்று பேரை எழுதுங்கள்

நிதானமாகச் செய்ய வேண்டிய படி இது. ஒரு தொழிலில் இருந்தவருக்கு மனிதர்களைத் தெரியாமல் இருக்காது. இரவில் கதவைத் தட்டினால் திறப்பவர் ஒருவர், உங்களைத் தேடிக்கொண்டிருப்பவர் ஒருவர், நீங்கள் கடன்பட்டிருப்பவர் ஒருவர். ஆளுக்கு ஒரு வரி, அதற்கு மேல் வேண்டாம்.

மாராவுக்கு இப்படி: விளையாட்டின் கற்பனை நகரமான வாட்டர்டீப்பின் துறைமுகத்தில் கப்பல் பாய் தைக்கும் கிழவி அவளுக்குப் படுக்க இடம் தருவாள். பழைய கப்பலின் மாலுமித் தலைவன் தன் புத்தகத்தைத் தேடி அலைகிறான். புயலில் அவளைத் தண்ணீரிலிருந்து இழுத்துப் போட்டவன் இப்போது சிறையில் இருக்கிறான். மூன்றே வரி, ஆனால் டிஎம்முக்கு மூன்று இரவு ஆடச் சரக்கு கிடைத்துவிட்டது. வாட்டர்டீப்புக்குக் குழு எப்போது போனாலும் மாராவுக்கு அங்கே வேலை இருக்கும்.

2014 பதிப்பில் ஒவ்வொரு பின்னணிக்கும் இந்த மாதிரி ஒரு சலுகை எழுதப்பட்டிருந்தது. கடலோடி தனக்கும் கூட்டாளிகளுக்கும் கப்பலில் இலவசப் பயணம் கேட்டு வாங்கலாம், பதிலுக்குக் கப்பல் வேலைக்குக் கைகொடுக்க வேண்டும். எண்ணே இல்லாத விதி, ஆனாலும் உலகத்தில் உங்களுக்கு ஓர் இடம் உண்டு என்று சொன்ன விதி. 2024-இல் அதை எடுத்துவிட்டார்கள். என் மேசையில் இன்னும் வைத்திருக்கிறேன், நீங்களும் கேட்டுப் பாருங்கள்.

ஒன்றும் தோன்றவில்லையா? பகடையை உருட்டுங்கள். 2014 புத்தகத்தில் குணம், கொள்கை, பிணைப்பு, குறை ஆகியவற்றுக்கு அட்டவணைகள் இருக்கின்றன. 1977-இல் வந்த டிராவலர் விளையாட்டில் கடந்தகாலம் முழுவதுமே பகடையில்தான் பிறந்தது. நான்கு நான்கு வருடமாகப் பணியில் ஓட்ட வேண்டும், உருட்டல் சரியாக விழாவிட்டால் ஆட்டம் தொடங்கும் முன்பே கேரக்டர் இறந்துபோகலாம்.

படி 4: ஒன்றை முடிக்காமல் விடுங்கள்

மாலுமித் தலைவனின் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று எழுதாதீர்கள். அது டிஎம்முக்கு.

படி 5: மேசையில் வாய்விட்டுச் சொல்லுங்கள்

2013-இல் வந்த தேர்டீன்த் ஏஜ் விளையாட்டில் திறன் பட்டியலே கிடையாது. 8 புள்ளிகளை நீங்களே எழுதிய பின்னணிகளுக்குப் பிரித்துக் கொடுக்கலாம், ஒன்றுக்கு அதிகபட்சம் 5. "சரக்குக் கப்பலில் கணக்கெழுதியவள்: 4" என்று எழுதியிருந்தால், பொய்ச் சரக்கைக் கண்டுபிடிக்கும்போது 20 பக்கப் பகடையோடு ஆற்றல் எண், லெவல், அந்த 4 எல்லாம் சேரும். பின்னணி எங்கே பொருந்துகிறது என்று ஒவ்வொரு முறையும் ஆடுபவரே சொல்லியாக வேண்டும். நான் பார்த்த வழிகளில் இதுதான் சிறந்தது.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸிலும் அதே பழக்கத்தைக் கொண்டுவரலாம். "பெர்செப்ஷன் உருட்டட்டுமா?" என்று கேட்பதற்குப் பதில், "இரவுக் காவலில் நின்றவள் நான், இருட்டில் துடுப்புச் சத்தம் எனக்குக் கேட்டிருக்குமே?" என்று கேளுங்கள். டிஎம் இரண்டு பகடை உருட்டி உயர்ந்ததை எடுத்துக்கொள்ளச் சொல்லலாம், உருட்டாமலே சரி என்றும் சொல்லலாம்.

தொழில், மூன்று பேர், விடை எழுதாத அந்த ஒரு கேள்வி எல்லாவற்றையும் ஓர் அஞ்சலட்டை அளவுக்கு எழுதி, முதல் ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே டிஎம் கையில் கொடுத்துவிடுங்கள்.