அரசவைக் கோமாளியின் மணித்தொப்பியைத் தைப்பது எப்படி?

காரைக்குடியில் ஆண்டு விழா நெருங்கினால் என் தையல் கடைக்கு ஐரோப்பிய அரசவைக் கோமாளியின் தொப்பி கேட்டு வருவார்கள். கத்தரியை எடுக்குமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அதன் கொம்புகள் வெறும் அலங்காரம் அல்ல. பழைய ஐரோப்பிய ஓவியங்களில் கோமாளியின் முக்காட்டில் இருபுறமும் கழுதைக் காதுகள் இருக்கும். சிலவற்றில் உச்சியில் சேவல் கொண்டையும் இருக்கும். அறிவிலி என்ற அடையாளத்தைத் தலையிலேயே சுமந்தவன் என்பதால், மற்றவர்கள் சொல்ல அஞ்சியதை மன்னனிடம் சொல்ல அவனுக்கு இடம் கிடைத்தது.

துணிக்குக் கடைக்குப் போக வேண்டாம். ஆச்சியின் பெட்டியில் கிழிந்த கண்டாங்கிச் சேலை கிடந்தால் அதுவே போதும். அரக்கு, மஞ்சள், கறுப்பு என்று மூன்று நிறம் எடுங்கள். கஞ்சி போக அலசிவிடுங்கள். விறைத்த துணியில் காது தொங்காது.

தலைச் சுற்றளவு 54 செ.மீ. என்றால் மூன்றில் ஒரு பங்கு 18; தையலுக்கு 2 சேர்த்து அடி அகலம் 20. நிறத்துக்கு ஒன்றாக, ஒரே அளவில் மூன்று துண்டுகள். ஒவ்வொன்றின் மேலும் இடமும் வலமும் வெளிப்பக்கம் சாய்ந்த இரண்டு கூர்முனைகள், நடுவில் பள்ளம். பள்ளத்தின் அடிக்கும் கீழ் விளிம்புக்கும் 18 செ.மீ. இருக்கட்டும்.

நல்ல பக்கங்களை உள்ளே வைத்து, ஒரு துண்டின் வலக் கொம்பை அடுத்ததன் இடக் கொம்போடு சேர்த்து, கீழ் விளிம்பிலிருந்து முனைக்கு ஏறி, பள்ளத்தின் நடுவரை இறங்கித் தையுங்கள். மூன்றும் இப்படிச் சேர்ந்தால் பள்ளங்கள் உச்சியில் கூடும். ஒவ்வொரு கொம்பும் இருநிறமாக வரும். திருப்புமுன் வளைவுகளில் தையலைத் தொடாமல் சிறு வெட்டுகள் கொடுங்கள், இல்லையென்றால் துணி சுருங்கி இழுக்கும்.

இலவம் பஞ்சைக் கொம்பின் பாதிவரை மட்டும் அடையுங்கள். முனை துவண்டால்தான் மணி ஆடும். சலங்கை மணிகளை இரட்டை நூலில் முடிச்சிட்டுத் தையுங்கள்; கோமாளி வருவதை முதலில் காதுதான் அறிய வேண்டும்.

தெனாலிராமன் வேடத்துக்கு மட்டும் இதைக் கேட்காதீர்கள். கிருஷ்ணதேவராயர் ஆண்ட 1509–1529 காலத்து விஜயநகர அவையில் அணிந்தது உயர்ந்த கூம்புக் குல்லாய். திருமலையில் உள்ள அவருடைய சிலையின் தலையிலேயே அதைப் பார்க்கலாம். அதற்கு மணியும் வேண்டாம், காதும் வேண்டாம். உள்ளே விறைப்புத் துணி கொடுத்து நெட்டையாகத் தைத்துக் கொடுங்கள்.