மைஎஸ்கியூஎல் அடிக்கடி செத்துப்போனது ஏன்?

2 ஜிபி ரேம் உள்ள சர்வரில் நாலு வேர்ட்பிரஸ் தளங்கள். திடீர் திடீரென்று அவற்றின் தரவுத்தளமான மைஎஸ்கியூஎல் நின்றுவிடும், சிபியுவோ சும்மாதான் இருக்கும். லினக்ஸ் கெர்னல் லாக்கில் பார்த்தால் ஓஓஎம் கில்லர் வேலை, அதாவது ரேம் தீரும்போது ஏதாவது ஒரு பிராசஸைக் கொன்று இடம் மீட்கும் ஏற்பாடு. ரேம் தீர்ந்தால் அது பெரும்பாலும் அதிகம் தின்கிற பிராசஸைத்தான் பிடிக்கும், நிரப்பியது வேறு ஆட்களாக இருந்தாலும். ஓடும் பிராசஸ்களைக் காட்டும் டாப் கட்டளையைத் திறந்து, நினைவக அளவுப்படி அடுக்க ஷிஃப்ட்டோடு எம் அழுத்தினால், வேர்ட்பிரஸின் பிஎச்பி நிரலை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம் பிராசஸ்கள் வரிசையாக நிற்கின்றன. அங்கே தெரியும் ஆர்இஎஸ் (ஒவ்வொன்றும் ரேமில் பிடித்திருக்கும் இடம்) எண்களை அப்படியே கூட்டாதீர்கள், பகிர்ந்துகொள்ளும் நினைவகம் ஒவ்வொன்றிலும் திரும்ப எண்ணப்படும். ஸ்மெம் என்ற கருவி காட்டும், பகிர்ந்ததைப் பங்கிட்டு எண்ணும் பிஎஸ்எஸ்தான் நியாயமான கணக்கு. எனக்கு அது ஒன்றுக்கு 50 எம்பி வந்தது. மைஎஸ்கியூஎல்லுக்கும் மற்றவைக்கும் 1 ஜிபி விட்டால் 20 பிராசஸ் தாங்கும், சர்வரை நிர்வகிக்கும் பேனல் தானாக வைத்திருந்த உச்சவரம்போ 50! சரி, அந்த வரம்பைக் குறிக்கும் மேக்ஸ் சில்ட்ரனை 18 ஆக்கினேன். கூட்டம் கூடினால் பக்கம் கொஞ்சம் காத்திருந்து வரும், தளமே விழுவதற்கு அது எவ்வளவோ மேல்.